ஸ்டாக்ஹோமுக்குக் குடிபெயர்கிறவருக்கு ஒரு செலவுக் கணக்கு

ஸ்வீடனில் வேலை கிடைத்துக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது அரிசி விலை. அடுத்தது பால் விலை. வாடகை மூன்றாவதாகத்தான் வரும். ஸ்வீடன் அரசு தருகிற அடையாள எண்ணான பர்சனல் நம்பரைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டால் ஸ்டாக்ஹோம் செலவு ஓரளவு பிடிபட்டுவிடும். அரிசியும் பாலும் யாரையும் கடனாளி ஆக்கியதில்லை. பணம் கரைவது முதல் மூன்று மாதங்களில், பெரும்பாலும் நம்பர் இல்லாமலும் சரியான வீடு இல்லாமலும் தவிக்கிற நாட்களில்.

கீழே உள்ள எண்கள் 2025-ஐ ஒட்டியவை, ஸ்டாக்ஹோமுக்கு உரியவை. கோத்தன்பர்க், மால்மோ நகரங்களில் வாடகை குறையும், மற்றவை ஏறக்குறைய ஒன்றே. ஒரு குரோனா எட்டு, ஒன்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டு படியுங்கள். வந்து சேர்ந்த பிறகு அந்தப் பெருக்கலை விட்டுவிடுங்கள். முடிவெட்ட 400 குரோனா என்பதை ரூபாயில் பெருக்கிப் பார்த்த அன்று நான் கத்தரிக்கோல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த வாரம் முழுக்கத் தொப்பியோடுதான் அலுவலகம் போனேன்.

முதல் படி: கையெழுத்துப் போடும் முன் நிகரச் சம்பளம்

இங்கே வேலைக் கடிதத்தில் இருப்பது மாதச் சம்பளம், வரிக்கு முந்தையது. ஊரில் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிற சிடிசி கணக்கு இங்கே இல்லை. நிறுவனம் உங்களுக்காக அரசுக்குக் கட்டும் சமூகப் பங்களிப்பு 31.42%. அது சம்பளத்துக்கு மேல் தனியாகப் போகிறது, உங்கள் கடிதத்தில் வராது.

உங்களிடம் பிடிப்பது நகராட்சி மற்றும் வட்டார வரி. நாடு முழுவதும் சராசரி 32% சொச்சம், ஸ்டாக்ஹோம் நகரில் 30%-ஐ ஒட்டி. உழைப்பு வருமானத்துக்கு ஒரு வரிக் கழிவும் உண்டு என்பதால், கையில் வருவது நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். 45,000 குரோனா சம்பளத்தில் சுமார் 35,000 கைக்கு வரும். மாதச் சம்பளம் 53,000 குரோனாவைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் மத்திய அரசின் வரி 20% கூடுதலாக விழும். ஆகவே சம்பளப் பேச்சில் 55,000-ஐ 58,000 ஆக்கப் போராடிக் கிடைக்கும் மூவாயிரத்தில் பாதிதான் உங்களுடையது. அந்த ஆற்றலை முதல் மாதத் தங்குமிடத்தை நிறுவனமே தர வேண்டும் என்று கேட்பதில் செலவிடுங்கள். அது பல மடங்கு லாபம்.

மிக உயர்ந்த சம்பளத்தில் வருகிறவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. வெளிநாட்டு நிபுணர் வரிச் சலுகை கிடைத்தால், சம்பளத்தின் 25%-க்கு வரி கிடையாது, அதுவும் 7 ஆண்டுகளுக்கு. 2025-ல் இதற்கான சம்பள வரம்பு மாதம் 88,200 குரோனா. வேலை தொடங்கிய 3 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் போயிற்று. இதை நிறுவனம் நினைவூட்டும் என்று காத்திருந்து கோட்டைவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு.

இரண்டாம் படி: எடுத்து வரவேண்டிய பணம்

சம்பள நாள் வழக்கமாக 25-ம் தேதி. மாதத்தின் நடுவில் சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகலாம். அதற்குள் வாடகை, முன்பணம், பயணச் சீட்டு, குளிர்காலமாக இருந்தால் உடை எல்லாம் வந்துவிடும். குடும்பத்தோடு வருகிறவர் 50,000 முதல் 60,000 குரோனா வரை கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது. தனியாள் 30,000 இருந்தால் சமாளிக்கலாம்.

இதை நோட்டுகளாகக் கொண்டுவர வேண்டாம். பணத்தாளை வாங்க மறுக்கிற கடைகள் இங்கே ஏராளம், “ரொக்கம் ஏற்கப்படாது” என்று கதவிலேயே ஒட்டியிருப்பார்கள். வெளிநாட்டுப் பயண அட்டை ஒன்றில் பணத்தைப் போட்டு எடுத்து வாருங்கள். சாதாரண வங்கி அட்டையைத் தேய்த்தால் ஒவ்வொரு முறையும் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். மூன்று மாதம் அப்படியே ஓட்டினால் ஒரு நல்ல குளிர்கால அங்கியின் விலை அதில் போய்விடும்.

மூன்றாம் படி: பர்சனல் நம்பர்

இறங்கிய முதல் வாரத்தில் வேறு எந்த வேலை இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டு இதற்குப் போங்கள். ஓராண்டோ அதற்கு மேலோ தங்கப்போகிறவருக்கு வரித்துறையான ஸ்காத்தேவெர்கெட் இந்த நம்பரைத் தருகிறது. பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி அட்டை, வேலை ஒப்பந்தம், குடும்பமென்றால் திருமண, பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றோடும் குடும்பத்தார் அனைவரும் நேரில் போக வேண்டும். எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. பிறகுதான் அடையாள அட்டை, அதன் பிறகு வங்கிக் கணக்கு, அதன் பிறகு இணையத்தில் நம்மை அடையாளம் காட்டும் பேங்க் ஐடி, அதன் பிறகு கைபேசியிலேயே பணம் அனுப்பும் ஸ்விஷ்.

இது செலவுக் கட்டுரையில் ஏன் வருகிறது என்று கேட்கலாம். பேங்க் ஐடி இல்லாதவரால் மலிவான கைபேசித் திட்டம் எடுக்க முடியாது, மின்சாரத்துக்கு நல்ல ஒப்பந்தம் போட முடியாது, பழைய பொருள் விற்பவருக்கு ஸ்விஷில் பணம் அனுப்ப முடியாது, பாலர் பள்ளிக்கு இணையத்தில் இடம் கேட்க முடியாது. பக்கத்துத் தெருவில் 300 குரோனாவுக்குக் கிடைக்கும் பழைய மேசையை விட்டுவிட்டு, 1,500 கொடுத்துப் புதிதாக வாங்க வேண்டிவரும். அவ்வளவும் அந்தப் பத்து, பன்னிரண்டு இலக்கங்கள் இல்லாத குறைதான்.

நான்காம் படி: வீடு

இங்கேதான் நிதானம் வேண்டும்.

ஸ்டாக்ஹோமில் வாடகை வீடு இரண்டு வகை. முதலாவது, வீட்டு நிறுவனத்திடமிருந்து நேரடியாக உங்கள் பெயரில் கிடைப்பது. வாடகை பேரம்பேசிக் கட்டுப்படுத்தப்பட்டது, காலவரம்பு கிடையாது. நகரின் வீட்டு வரிசையில் பதிந்து காத்திருந்துதான் இதை வாங்க வேண்டும். காத்திருப்பு ஆண்டுக் கணக்கு. நகர மையத்தில் ஒரு பிள்ளை பிறந்து பள்ளி முடிக்கிற அளவுக்குக்கூட நீளும். இரண்டாவது, இங்குள்ள நம்மவர்கள் செகண்ட் ஹேண்ட் என்று சொல்லும் உள்வாடகை. சொந்த வீட்டுக்காரரோ, முதல் வகை வீட்டில் இருப்பவரோ உங்களுக்கு ஓராண்டு, இரண்டாண்டுக்கு விடுவது. புதிதாக வருகிற எல்லோருக்கும் விதித்தது இதுதான்.

விளம்பரத்தில் “2 அறை, சமையலறை” என்றிருந்தால் இரண்டு படுக்கையறை என்று மகிழ வேண்டாம். கூடமும் ஓர் அறையாகவே எண்ணப்படும். ஆக 2 அறை என்பது நம் ஊர்க் கணக்கில் ஒரு படுக்கையறை வீடு. அப்படி ஒரு வீடு புறநகரில் உள்வாடகைக்கு 12,000 முதல் 16,000 குரோனா. மையத்துக்கு நெருங்க நெருங்க ஏறும். ஒற்றையறை வீடு 9,000 முதல் 13,000. ஒரு வீட்டில் ஓர் அறை மட்டும் என்றால் 6,000, 7,000-க்குக் கிடைக்கும். மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த ஷீஸ்தா பக்கம் நம்மவர்கள் அதிகம். ஆனால் மாதாந்திரப் பயணச் சீட்டு மாவட்டம் முழுவதற்கும் ஒரே விலை என்பதால் அலுவலகத்தின் அருகிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. புறநகர் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு வீடு போதும். ஜனவரியில் அந்தப் பத்து நிமிடம் பனிச்சறுக்கலில் இருபது நிமிடமாகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வாடகையில் வெப்பமூட்டலும் தண்ணீரும் பெரும்பாலும் அடக்கம். வெளியே கழித்தல் 15 பாகை இருந்தாலும் உள்ளே 20, 21 பாகை இருக்கும், அதற்குத் தனிப் பில் கிடையாது. தனி வீடு எடுத்தால் இந்தச் சுகம் போய்விடும். முதல் ஆண்டில் தனி வீட்டின் பக்கமே போகாதீர்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அந்த முகவரியில் உங்களைப் பதிவு செய்துகொள்ள வீட்டுக்காரர் சம்மதிக்கிறாரா. சிலர் “பதிவு மட்டும் வேண்டாம்” என்பார்கள். அப்படியானால் வீடு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வசிக்காத இடத்தில் பதிவது குற்றம், பதிவே இல்லாவிட்டால் நம்பர் வராது. இரண்டு, அவரே வாடகைக்காரர் என்றால், உள்வாடகைக்கு விட வீட்டு நிறுவனமோ வாடகைத் தீர்ப்பாயமோ தந்த அனுமதி எழுத்தில் இருக்கிறதா. மூன்று, முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்ப வரும். ஒரு மாத வாடகை வழக்கம், மூன்று மாதம் வரை கேட்பவர்களும் உண்டு. வீட்டையும் அடையாள அட்டையையும் நேரில் பார்க்காமல் ஒரு குரோனாகூட அனுப்பாதீர்கள். “வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்” என்று எழுதுகிறவர் மோசடிக்காரர். அதேபோல, “ஒரு லட்சம் கொடுங்கள், வரிசை இல்லாமல் முதல் வகை ஒப்பந்தம் வாங்கித் தருகிறேன்” என்று ஆசை காட்டுவோரும் உண்டு. 2019 அக்டோபர் முதல் அப்படி வாங்குவதும் குற்றம், விற்பவர் மட்டும் மாட்டுவதில்லை.

துணி துவைக்கும் இயந்திரம் வீட்டுக்குள் இல்லையே என்று தயங்க வேண்டாம். கட்டடத்தின் அடித்தளத்தில் பொதுச் சலவை அறை இருக்கும், வாடகையிலேயே சேர்த்தி. சுவரில் ஒரு பலகை, அதில் மாதத்தின் நாட்களும் மூன்று மணி நேரக் கட்டங்களும். உங்கள் வீட்டு எண் பொறித்த சிறு பூட்டை விரும்பிய கட்டத்தில் மாட்டித் திருப்பினால் அந்த நேரம் உங்களுடையது. முடிந்ததும் உலர்த்தியின் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்து, தரையைத் துடைத்துவிட்டு வர வேண்டும். ஸ்வீடன்காரர்கள் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் பஞ்சு எடுக்காத ஒரு நாள், பெரிய எழுத்தில், மூன்று ஆச்சரியக்குறிகளோடு எங்கள் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

ஐந்தாம் படி: பில்கள், அவற்றின் தேதிகள்

மின்சாரத்துக்கு இரண்டு பில் வரும். கம்பிப் பாதைக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று. நான் முதல் குளிர்காலத்தில் ஒன்றைக் கட்டிவிட்டு, இன்னொன்றை அதன் நகல் என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். அடுத்து நினைவூட்டல் கடிதம், 60 குரோனா சேர்த்து. அதையும் விளம்பரம் என்று நினைத்தேன். பிறகு வசூல் நிறுவனத்தின் கடிதம், மேலும் 180. அதையும் விட்டிருந்தால் அரசின் கடன் வசூல் துறைக்குப் போயிருக்கும். அங்கே விழும் கரும்புள்ளி தனிமனிதருக்கு மூன்று ஆண்டுகள் நிற்கும், வீடு வாடகைக்கும் கிடைக்காது, கைபேசி ஒப்பந்தமும் கிடைக்காது. நல்லவேளையாக அலுவலகத்தில் ஒருவர் அந்தக் கடிதத்தைப் படித்துச் சொன்னார். வங்கிக் கணக்கு வந்த நாளே பில்களைத் தானாகக் கட்டும்படி அமைத்துவிடுங்கள்.

மின்சார விலை நாட்டின் நான்கு மண்டலங்களில் நான்கு விதம். வடக்கே நீர்மின்சாரம் மிகுதி, அங்கே மலிவு. மால்மோ இருக்கும் தென்மண்டலம்தான் பெரும்பாலும் அதிக விலை. அடுக்குமாடி வீட்டில் வெப்பம் தனி என்பதால் ஸ்டாக்ஹோமில் மாதம் 300 முதல் 600 குரோனாவில் இரண்டு பில்லும் முடிந்துவிடும்.

வீட்டுக் காப்பீடு மாதம் 100 முதல் 200. தேவையில்லை என்று விடாதீர்கள். சலவைக் குழாய் உடைந்து கீழ்வீட்டுக் கூரை நனைந்தால் அதன் கணக்கு பல்லாயிரம். இணையம் 300, கைபேசி ஆளுக்கு 100 முதல் 250. தொலைக்காட்சிக்குத் தனிக் கட்டணம் 2019-லேயே போய்விட்டது, இப்போது அது வரியோடு சேர்ந்து பிடிக்கப்படுகிறது. மாதப் பயணச் சீட்டு 1,000 குரோனாவைச் சற்றுத் தாண்டும். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் அதுவே.

கார் வேண்டாம், முதல் ஆண்டில். இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே பதிவான நாளிலிருந்து ஓராண்டு செல்லும். அதன் பிறகு எழுத்துத் தேர்வு, வழுக்குப் பாதைப் பயிற்சி, ஓட்டுநர் தேர்வு என்று எல்லாம் முதலிலிருந்து. பயிற்சி வகுப்புகளோடு 15,000, 20,000 குரோனா ஆகிவிடும்.

ஆறாம் படி: சமையலறை

இப்போது அரிசிக்கு வரலாம். ஐந்து கிலோ பாஸ்மதி 150 முதல் 200 குரோனா. பொன்னி, சோனா மசூரி வேண்டுமென்றால் இந்திய, இலங்கைக் கடைகளில் பெரிய மூட்டையாக வாங்குவது மலிவு. இரண்டு குடும்பம் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ளலாம். பால் லிட்டர் 15 முதல் 18. வெங்காயம், உருளை, கேரட், கோஸ் எல்லாம் மலிவு. வெண்டைக்காய், முருங்கைக்காய், சின்ன வெங்காயம் ஆசைப்பட்டால் பாக்கெட்டுக்கு 30, 40 என்று போகும். கறிவேப்பிலைக்கு இங்கே கொசுறு கிடையாது.

கடைகளில் வில்லிஸ், லிடில் இரண்டும் விலை குறைந்தவை. வீட்டின் கீழேயே இருக்கும் சின்ன ஈகா கடை அவசரத்துக்கு மட்டும். விலைப்பட்டியில் பெரிய எழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்கப் பழகுங்கள், “சலுகை” என்ற மஞ்சள் அட்டை பல நேரம் ஏமாற்றும். பத்து சதவீதக் கொழுப்புள்ள துருக்கிய யோகர்ட் நம் கெட்டித் தயிருக்கு மிக அருகில் வரும். மாவு புளிக்க, சூடாக்காமல் ஓவனின் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்துவிடுங்கள். டிசம்பரிலும் காலைக்குள் பொங்கிவிடும். பாத்திரத்துக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

ஊரிலிருந்து வரும்போது புளி, சாம்பார்ப் பொடி, வடகம், அப்பளம் கொண்டுவரலாம். நெய், பால் பொருட்கள், கருவாடு தவிர்த்த இறைச்சி வகைகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரத் தடை. குக்கர் வாங்கினால் இன்டக்‌ஷன் அடிப்பாகம் உள்ளதாகப் பாருங்கள், இங்கே எரிவாயு அடுப்பு அரிது. மின்னழுத்தம் ஒன்றே என்பதால் கிரைண்டர் ஓடும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும்.

வீட்டில் சமைத்தால் மூவர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 6,000, 7,000 குரோனா போதும். வெளியில் சாப்பிட்டால் இரவு உணவு ஆளுக்கு 200-க்குக் குறையாது. மதியம் மட்டும் உணவகங்களில் அன்றைய சாப்பாடு என்று 120 முதல் 150-க்குள் தருவார்கள். சாலட், ரொட்டி, காப்பி எல்லாம் அதிலேயே அடக்கம். ஆனாலும் உள்ளூர்க்காரர்களே டப்பாவில் கட்டி வந்து, அலுவலக மைக்ரோவேவ் முன்னால் வரிசையில் நிற்பார்கள். நம் டப்பாவுக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. பொரித்த மீனை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஏழாம் படி: பிள்ளைகளும் மருத்துவமும்

இந்த நாடு உங்கள் வரியைத் திருப்பித் தருகிற இடம் இது. பாலர் பள்ளிக் கட்டணம் குடும்ப வருமானத்தில் முதல் பிள்ளைக்கு 3%, இரண்டாவதுக்கு 2%, மூன்றாவதுக்கு 1%. அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2024-ல் முதல் பிள்ளைக்கு 1,688 குரோனா. இருவரும் லட்சம் சம்பாதித்தாலும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். மூன்று வயதிலிருந்து வாரம் 15 மணி நேரம் இலவசம். பள்ளிக் கல்வியும் பள்ளி மதிய உணவும் இலவசம். ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 1,250 குரோனா உதவித்தொகை சமூகக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வரும், விண்ணப்பிக்க மறக்காதீர்கள். ஒரே நகராட்சியில் ஐந்து பிள்ளைகளாவது கேட்டு, தகுந்த ஆசிரியரும் கிடைத்தால் தாய்மொழிப் பாடமாகத் தமிழும் சொல்லித்தருவார்கள், அதற்கும் கட்டணமில்லை.

பாலர் பள்ளி மறைமுகமாகக் கேட்கிற செலவு உடை. எந்த வானிலையிலும் பிள்ளைகளை வெளியே விடுவார்கள். மழைக்கு ரப்பர் அங்கி, பனிக்கு முழு உடுப்பு, இரண்டு ஜோடி கையுறை, பூட்ஸ். புதிதாக வாங்கினால் 3,000-ஐத் தொடும். எட்டு மாதத்தில் சிறிதாகிவிடும். இங்கே பழைய பொருள் வாங்குவதில் கூச்சமே கிடையாது, மேலாளர் வீட்டுப் பிள்ளையும் அதைத்தான் போடுகிறது. தொண்டு நிறுவனக் கடைகளிலும் ப்ளாக்கெட் தளத்திலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். பூட்ஸ் மட்டும் புதிதாக வாங்குங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் பெரியவர்களுக்கு ஒரு முறைக்கு 275 குரோனாவை ஒட்டி ஆகும், பிள்ளைகளுக்கு இலவசம். பன்னிரண்டு மாதத்துக்குள் 1,450 குரோனா கட்டிவிட்டால் மீதி ஆண்டு முழுக்கப் பொது மருத்துவக் கட்டணமே இல்லை. மருந்துக்குத் தனி உச்சவரம்பு. பல் மட்டும் இந்தக் கணக்கில் வராது. பெரியவர்களின் பல் வைத்தியம் பணத்தை விழுங்கும். விமானம் ஏறும் முன் ஊரிலேயே சொத்தைப் பல்லை அடைத்துவிட்டு வாருங்கள், கண்ணாடியும் இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: ஒரு மாதக் கணக்கு

ஒருவர் மட்டும் 45,000 சம்பாதிக்கும், இரண்டு வயதுப் பிள்ளையுள்ள குடும்பம். கைக்கு வருவது 35,000, பிள்ளைத் தொகை 1,250. வாடகை 14,500, மின்சாரம் 500, காப்பீடு 200, இணையமும் இரண்டு கைபேசியும் 700, இரண்டு பயணச் சீட்டு 2,100, சாப்பாடு 6,500, பாலர் பள்ளி 1,350, உடை, மருந்து, நண்பர் வீட்டுப் பிறந்தநாள் எல்லாம் 2,500. மொத்தம் 28,350. மிச்சம் 7,900. இதில் மாதம் 3,000-ஐ ஊர்ப் பயணத்துக்கென்று ஒதுக்கிவையுங்கள். சென்னைக்கு நேர் விமானம் இல்லை, மூவர் போய்வரும் டிக்கெட் விலை டிசம்பரில் இந்தக் கணக்கையே ஆட்டிவிடும்.

இணையர் வேலைக்குப் போகும் நாளில் நிலைமை வேறு. வேலை அனுமதியில் வந்தவரின் துணைக்கும் வேலை செய்ய அனுமதி உண்டு. இரண்டாவது சம்பளம் 30,000 என்றாலும் வாடகையோ மின்சாரமோ கூடாது, பாலர் பள்ளிக் கட்டணம் மட்டும் உச்சவரம்பு வரை சில நூறு ஏறும். ஆகவே ஸ்வீடிஷ் வகுப்பில் கூடிய சீக்கிரம் துணையைச் சேர்த்துவிடுங்கள். குடியேறியவர்களுக்கு நகராட்சியே அதை இலவசமாக நடத்துகிறது.

நம்பர் கையில் வந்த அன்றே வீட்டு வரிசையிலும் பெயரைப் பதிந்துவிடுங்கள். எப்போது கிடைக்கும் என்று யோசிக்காமல், நாட்களைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். நான் வந்து சேர்ந்து இரண்டு ஆண்டு கழித்துத்தான் அதில் பதிந்தேன். என் முறை இன்னும் வரவில்லை, ஆண்டுக் கட்டணத்தை மட்டும் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறேன்.